மைக்கில் வராத பெயர்

என் கணவரை நான் மேடையில் வைத்து மறுத்தேன். அவர் காதில் விழும்படியே மறுத்தேன். அதற்குக் கிடைத்த கைதட்டல் எனக்கு இனித்தது!

ராஜபாளையத்தில் தெருக்குழாய்க்கும் தெருவிளக்கிற்கும் சண்டை போடுகிற கவுன்சிலராகத்தான் நீங்கள் என்னை அறிவீர்கள். இன்று இதையும் அறிந்துகொள்ளுங்கள்.

பெண்களுக்கென்று முதல்தடவையாக வார்டு ஒதுக்கிய தேர்தல் அது. பி.ஏ. முடித்துவிட்டு, மூன்று வயது மகளோடு வீட்டில் கால்தரிக்காமல் திரிந்த என்னை, "நீ நில்லு, நான் பாத்துக்கிடுதேன்" என்று தூண்டியவர் என் கணவர் முருகேசன். மில்லில் இரவு ஷிப்ட் முடிந்து, தலையில் பஞ்சு ஒட்டியபடியே பசைவாளியைத் தூக்கிக்கொண்டு சுவர் சுவராகப் போஸ்டர் ஒட்டினார். கரண்டியை என் கையில் கொடுத்து, "இதுதான் மைக்கு. அடுப்பைப் பாத்துப் பேசாத, என்னயப் பாத்துப் பேசு" என்று பேசப் பழக்கினார். பால் பொங்கி வழிந்தது. நான் பேசிக்கொண்டே இருந்தேன்!

ஜெயித்தேன்... சுயேச்சையாக நின்று ஜெயித்தேன்! அதன்பிறகு விடியும் முன்னே வாசலில் குடங்களோடு பெண்கள். "கவுன்சிலரம்மா எந்திரிக்கலையா?" என்பவர்களிடம், "அவ ராத்திரி பூரா மனு எழுதுனா. செத்த நேரம் இருங்க, காப்பி குடிங்க" என்று சமாளித்ததும் அவர்தான். மகளுக்குத் தலை சீவியதும் அவர்தான். மில்லில் அவரைக் கவுன்சிலரம்மா டிரைவர் என்று கேலி செய்தார்கள். "சம்பளமில்லா வேலைதான், ஆனா நெரந்தரம்!" என்று அவரே சேர்ந்து சிரித்துவிடுவார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மண்டபத்தில் புதிய பெண் உறுப்பினர்களுக்குப் பாராட்டு விழா. நன்றியுரையின் முடிவில் அவர் பெயரைச் சொல்வதென்று முடிவுகட்டினேன். அவருக்குத் தெரியாமல், மகளை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன். பிள்ளை வாய் நிற்குமா? "அப்பா, ஒன் பேரு மைக்குல வரும்!" என்று போட்டு உடைத்துவிட்டாள். அவர் ஒன்றும் கேளாதவர்போல் இருந்தார். ஆனால் விழாவன்று மாலை கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கும் வெள்ளைச்சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு மொபெட்டை எடுத்தார்!

அப்போது எங்களில் பலருக்கு ஒரு தலைக்குனிவு இருந்தது. நாற்காலி மனைவிக்கு, பேச்சும் அதிகாரமும் கணவனுக்கு. எனக்கு முன்னால் பேச வந்த பெண் ஒருவர் வணக்கம் சொல்லிவிட்டுத் தயங்கினார். உடனே அவர் கணவர் பின்னாலிருந்து எழுந்து வந்து மைக்கைப் பிடித்துக்கொண்டார். கூட்டம் சிரித்தது. மேடையிலிருந்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "அடுத்து பேசப் போறது அம்மாவா, ஐயாவா?" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினேன்.

"என் பின்னால் எந்த ஆணும் இல்லை! என்னை யாரும் நிறுத்தவில்லை, யாரும் பேச வைக்கவில்லை. என் வார்டுக்கு நான்தான் கவுன்சிலர்!"

அடேயப்பா, என்ன கைதட்டல்! பெண்கள் எழுந்து நின்று தட்டினார்கள். எனக்குத் தரை தெரியவில்லை. என் கணவர் பெயர் நாக்கு நுனியில்தான் இருந்தது... சொன்னால் இந்தக் கைதட்டல் நின்றுவிடுமே என்று விழுங்கிவிட்டேன். கோபத்தில் சொன்னேன் என்று தப்பித்துக்கொள்ளலாம்தான். ஆனால் கோபம் முதல் வாக்கியத்தோடு போய்விட்டது. மற்றதெல்லாம் ஆசை!

வெளியே வந்தேன். கூம்பு ஒலிபெருக்கிக்குக் கீழேயே மொபெட்டை நிறுத்தி, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். ஒரு சொல்கூடத் தப்பியிருக்காது.

"நல்லா பேசுன ஏட்டி. கைதட்டு ரோடு வரைக்கும் கேட்டுச்சு" என்றார்.

மகள் தலையைத் தூக்கினாள். "அம்மா, அப்பா பேரு வரலையே?"

நான் வாயைத் திறக்கும் முன் அவர் முந்திக்கொண்டார். "அம்மா சொன்னா தாயி. அந்நேரம் பாத்து மைக்கு மக்கர் பண்ணிருச்சு."

பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஆமா... மக்கர் பண்ணிருச்சு."

மேடையில் சொன்ன பொய்க்காவது ஒரு சூடு இருந்தது. இதற்கு என்ன இருந்தது? அவர் எனக்காக நீட்டிய பொய்யைக் கை நீட்டி வாங்கிக்கொண்டேன்!

அதன்பிறகு எத்தனையோ கூட்டங்கள். மண்டபம் வரை அவர் வருவதே இல்லை. தெருமுனையிலேயே மொபெட்டை நிறுத்திவிடுவார். "இங்கனயே எறங்கிக்க. நான் கூட வந்தா ஒன் பேருக்கு ஆகாது." அந்தக் குரலில் குத்தல் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் தேடுகிறேன். இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்!

அடுத்த மேடையில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லலாம்... ஆனால் 'என் பின்னால் எந்த ஆணும் இல்லை' என்பதை என் வார்டுப் பெண்கள் தங்கள் வாக்கியமாகவே எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்காகத்தான் வாய்மூடி இருக்கிறேனா, எனக்காகவா? கேட்டுப் பார்த்துவிட்டேன். எனக்காகத்தான்.

போன வாரமும் ஒரு கூட்டம். வழக்கமான முனையில் இறங்கினேன். இப்போது பள்ளிக்கூடம் போகிற மகள், மொபெட்டில் முன்னால் நின்றபடி கத்தினாள்:

"அம்மா! இன்னைக்காச்சும் மைக்கு சரியா இருக்கான்னு பாத்துக்க!"

அவர் குனிந்து டயரை அழுத்திப் பார்க்க ஆரம்பித்தார். டயரில் காற்று நிறைய இருந்தது.

நான் மேடையேறினேன். சாக்கடை தேங்கும் வாறுகாலைப் பற்றிப் பேசினேன். தெருவிளக்கைப் பற்றிப் பேசினேன். கைதட்டினார்கள்.

மைக் நன்றாகத்தான் இருந்தது.