பொன்னுராஜ் கொடுத்த வாழ்க்கை

இராஜபாளையத்தில் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் அழகுத்தாய் சின்ன வயதிலிருந்தே வேலை பார்த்தாள். இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப்போனது. தொடையில் கையை ஊன்றி, ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடப்பாள். அண்ணன் சங்கரலிங்கத்தின் வீட்டில் உலை கொதித்ததே அவள் சம்பளத்தில்தான். ஆனாலும் அந்தத் தெருவில் அவளைப் பார்த்து 'பாவம்' என்று சொல்லாத வாய் கிடையாது. சொல்கிறவர்களில் பாதிப் பேர் அவளிடம் கைமாற்று வாங்கியவர்கள்.

எண்பத்தேழாம் வருடம் சங்கரலிங்கம் ஒரு சேதியோடு வந்தான்.

"ஏட்டி அழகு, கால் வெளங்காத பொண்ணைக் கட்டுதவனுக்குக் கவர்மெண்டு ரூவா குடுக்காம்!"

"யாருக்கு? எனக்கா, அவனுக்கா?"

"கல்யாணம் ஆனா ரெண்டும் ஒண்ணுதானட்டி."

"அப்போ கால் போனது எனக்கு, நஷ்டஈடு அவனுக்கா?" என்றாள்.

அதுவரை அவளைத் திரும்பியும் பாராத மாப்பிள்ளைகள் அதன்பின் வரிசையாக வந்தார்கள். ஒருவர் காபி டம்ளரைக் கையில் வாங்கும் முன்பே, பணம் தாலி கட்டுவதற்கு முந்தியா பிந்தியா என்று கேட்டார். இன்னொருவர் அவளை நடந்துகாட்டச் சொன்னார். அவள் வாசல்வரை போய்த் திரும்பியதும், "இம்புட்டுத்தானா? இதுக்கு சர்ட்டிபிகேட் குடுப்பாகளா?" என்று முகம் சுளித்தார். ஊனம் போதவில்லையாம்.

சுந்தரபாண்டியத்துப் பொன்னுராஜ் மட்டும் எதுவும் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தான். அதற்காகவே அழகுத்தாய் சரி என்றாள். கேட்கவேண்டியதை எல்லாம் அவன் அம்மா முதல் நாளே தரகரிடம் கேட்டு முடித்திருந்தாள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் திருவண்ணாமலைப் பெருமாள் கோவிலில் கல்யாணம் நடந்தது. கம்பெனிக்குப் பக்கத்தில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்தாள். பொன்னுராஜ் மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போனான், சூடு ஒத்துக்கொள்ளவில்லை. மில்லில் ராத்திரி வேலைக்குப் போனான்; தூக்கம் கெட்டது. பிறகு வீட்டில் இருந்தான். அவள் விடியும் முன் எழுந்து அவனுக்கும் ஆக்கிவைத்து வேலைக்குப் போனாள். "நொண்டிப் பொண்ணுக்கு வாழ்க்கை குடுத்திருக்கான், எம்புட்டுப் பெரிய மனசு!" என்று டீக்கடைக்காரர் அவனிடம் காசு வாங்குவதில்லை. அவனும் பெரிய மனசோடு குடித்தான்.

மறு வருடம் உதவித்தொகை கொடுக்க ஸ்ரீவில்லிபுத்தூரில் விழா வைத்தார்கள். ஆளுயரத்துக்குப் பலகை மேடை, அதற்குச் செங்குத்தாகப் படி. நடக்க முடியாதவர்களைக் கூப்பிட்டு நடத்தும் விழா அது என்பது பந்தல் போட்டவருக்கும் தோன்றவில்லை, போடச் சொன்னவருக்கும் தோன்றவில்லை.

"தம்பி, தூக்கிட்டு வாங்க. போட்டோவுக்கு நல்லா இருக்கும்" என்றார் ஓர் அதிகாரி.

பொன்னுராஜ் குனிந்தான்.

"தொட்டீகன்னா நடக்கதே வேற" என்றாள் அழகுத்தாய். படியில் உட்கார்ந்து, கைகளை ஊன்றிப் பின்பக்கமாகவே ஏறினாள். மேடையில் இருந்தவர்கள் மாலையைப் பிடித்தபடி காத்து நின்றார்கள். மாலை அவளுக்கு இல்லை, பொன்னுராஜுக்கு.

"இந்த இளைஞர் ஓர் அபலைக்கு வாழ்க்கை கொடுத்திருக்கிறார்!" என்று மைக்கில் முழங்கினார் அதிகாரி. கைதட்டல் அடங்கவில்லை. பொன்னுராஜ் கண் கலங்கக் கும்பிட்டான்.

அழகுத்தாய் மைக் பக்கம் சாய்ந்தாள். "ஐயா, இவுகளுக்கு இன்னைக்குக் காலையில இட்லி போட்டது யாருன்னு கேளுங்க."

முன்வரிசைப் பெண்கள் சிரித்தார்கள். மைக்கை அவசரமாக நகர்த்தி வைத்தார்கள்.

பணம் இருவர் பெயரிலும் பேங்கில் விழுந்தது. எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும். பொன்னுராஜுக்கு மொபெட் வாங்க ஆசை.

"ஒன்னையும் வேலைக்கு ஏத்திட்டுப் போவேன்லா?" என்றான்.

அவள் மனம் ஒரு கணம் இளகத்தான் செய்தது. வண்டியில் அவன் பின்னால் உட்கார்ந்து கம்பெனி வாசலில் இறங்குவதை நினைத்துப் பார்த்தாள். "தெனமுமா?" என்று கேட்டாள்.

"தெனமும் எதுக்கு? மழை பெஞ்சா."

"ஒரு மாசம் வேலைக்குப் போங்க. பொறவு கையெழுத்துப் போடுதேன்."

அவன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். மறுநாள் அவன் அம்மா கருத்தம்மா வந்து இறங்கினாள்.

"எம்மகன் ஒனக்கு வாழ்க்கை குடுத்தவன்டி!"

"திருப்பி எடுத்துட்டுப் போங்க அத்தை. வந்தப்போ இருந்ததைவிடச் சதை போட்டுத்தான் இருக்காக" என்றாள் அழகுத்தாய்.

அம்மாவும் மகனும் டவுன் பஸ் ஏறிப் போனார்கள். அண்ணன் வந்து திட்டினான். அவள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அன்று கம்பெனியில் துணி சுருட்டும் மேஜையடியில் முகத்தை மறைத்துக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் அழுததை, பக்கத்தில் வேலை பார்த்த வேலுத்தாய் மட்டும் பார்த்தாள்.

ஏழெட்டு வருடம் போனது. உட்கார்ந்தே வேலை பார்த்ததில் இடுப்பு விட்டுப்போய், கம்பெனியில் வேலை பாதியானது. ஆதரவில்லாத ஊனமுற்றவர்களுக்கு மாதாமாதம் உதவிப்பணம் உண்டு என்று வேலுத்தாய் சொல்லி, அழகுத்தாய் தாலுகா ஆபீசுக்குப் போனாள்.

"புருஷன் இருக்காரா?" என்றார் கிளார்க்.

"சுந்தரபாண்டியத்துல அவுக அம்மாகூட இருக்காக."

"அப்போ ஆதரவு இருக்கேம்மா. அவர் உங்களைக் கட்டினதுக்கு நம்ம கவர்மெண்டே பணம் குடுத்திருக்கு, பாருங்க." தன் பையிலிருந்து கொடுத்ததுபோல அவர் முகத்தில் ஒரு பெருமை.

"ஆதரவு குடுப்பாகன்னு நம்பி ரூவா குடுத்தது நீங்க. குடுத்தாகளான்னு நீங்கதான் போயிக் கேக்கணும்."

"சத்தம் போடாதீங்க. அவர் கைவிட்டுட்டார்னு எழுதி வாங்கிட்டு வாங்க."

அழகுத்தாய் சுந்தரபாண்டியத்துக்குப் போனாள். பொன்னுராஜுக்குத் தொந்தி விழுந்திருந்தது. பேங்குப் பணத்தில் ஆளுக்குப் பாதி, பதிலுக்குக் கைவிட்டதாக ஒரு முத்திரைத்தாள் என்றாள். யோசிக்க அவகாசம் வேண்டுமா என்றுகூட அவள் கேட்டுப் பார்த்தாள். அவன் அதற்குள் சட்டையை மாட்டியிருந்தான்.

தன் பாதியில் அவள் வீட்டிலேயே ஒரு மேஜை போட்டு, கம்பெனியிலிருந்து துணி எடுத்துவந்து சுருட்டிக் கொடுக்க ஆரம்பித்தாள். ஆபீசுக்கு நடையாய் நடந்ததில், உதவிப்பணமும் ஒரு வழியாக மணியார்டரில் வந்தது. முதல் பணத்தை எண்ணிக் கொடுத்த தபால்காரர் நகராமல் தலையைச் சொறிந்தார்.

"காபிக்கு ஏதாவது..."

அழகுத்தாய் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"ஒங்களுக்கு ரெண்டு காலும் நல்லாத்தானே இருக்கு? நடந்து வீட்டுக்குப் போயிக் குடிங்க" என்றாள்.