நான்காவது போல்ட்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு எக்ஸ்ரே அக்கா என்று பெயர். கார் ஓட்டும் கூட்டத்தில் கோட்டக்கா. இரண்டுமே அவளாக வைத்துக்கொண்டதில்லை. பத்தொன்பது வருஷமாக மற்றவர்களின் எலும்புகளைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறாள். "மூச்ச இழுத்துப் பிடிங்க, ஆடாதீங்க" என்று ஒரு நாளைக்கு அறுபது தடவையாவது சொல்லிவிடுவாள். வேலை முடிந்தால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைதான். அங்கே பதினாறு வயதான சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நிற்கும். இவள் அதற்கு அடியில் கிடப்பாள். அவள் புருஷன் அந்தக் காரைச் சக்களத்தி என்பார். உறவுமுறை இடிக்கிறதே என்று யாராவது கேட்டால், "எனக்கு அப்படித்தான் இருக்கு, விடுங்க" என்று பேப்பரைத் திருப்பிக்கொள்வார்.

அந்தக் காரில் கம்பெனி செய்து அனுப்பியது இப்போது பாதிகூட இருக்காது. ஏசியைக் கழற்றிப் போட்டாள், எடை குறையட்டும் என்று. ஸ்பிரிங்குகளை மாற்றினாள், பிடிக்கவில்லை, திரும்ப மாற்றினாள். புகைக் குழாயை மூன்று தடவை வெட்டி ஒட்டினாள். எல்லாம் சொந்தக் கையால். போல்ட்டை முடுக்கும்போது அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. அளவு வைத்த ஸ்பானர், வேண்டிய இறுக்கம் வந்துவிட்டது என்று 'க்ளிக்' சொன்னதும், மஞ்சள் பெயிண்ட் பேனாவை எடுத்து, போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை ஒரே கோடாக இழுப்பாள். போல்ட் துளி நகர்ந்தாலும் கோடு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். பலரும் செய்கிற வேலைதான். ஆனால் இவள் கோடு அடிமட்டம் வைத்து இழுத்தது மாதிரி இருக்கும். தங்கள் காரில் அவள் கோடு இருந்தால் நிம்மதியாக மிதிக்கலாம் என்று அவளிடம் வந்து நிற்பவர்களும் இருந்தார்கள். கோட்டக்கா என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

அவளுடைய தம்பிக்கும் அதே கிறுக்கு. ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் கம்பெனியில் மேனேஜர். மூன்று மாதத்துக்கு முன்னால் ஐந்நூறு குதிரைத்திறன் கொண்ட புத்தம் புதிய சாம்பல் நிறக் காரை வாங்கி, அக்கா வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, வேண்டுமென்றே இரண்டு தடவை உறுமவிட்டான்.

"கடையில வாங்குன சட்டைடா இது," என்றாள் அவள். "என்னோடது அளவெடுத்துத் தெச்சது."

"தெச்ச சட்டைய ஓடுபாதைக்குக் கொண்டா. எது கிழியுதுன்னு பாப்போம்."

இந்த ஒப்பீடு கார்ப் பந்தய ஓடுபாதையில் வருஷா வருஷம் நடப்பது. அதற்கு அவள் வைத்த சட்டம் ஒன்று உண்டு. முதலில் அவரவர் காரில் மூன்று சுற்று. பிறகு சாவியை மாற்றிக்கொண்டு மூன்று சுற்று. ஆளை மாற்றினால்தான் கார் தெரியும் என்பாள். நேரம், டயர் காற்று, வெயில் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைப்பாள். போன வருஷம் அவள் எழுதிய கடைசி வரி: 'பிரேக் போதாது.'

அதனால் இந்த வருஷம் பெரிய பிரேக் வாங்கினாள். பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கடையில் கிடைத்த, இதைவிடக் கனமான வண்டி ஒன்றின் முன்பக்க பிரேக். சக்கரத்துக்கு உள்ளே சுழலும் தட்டைக் கவ்விப் பிடிக்கும் அந்தப் பிடிக்குப் பக்கத்துக்கு இரண்டு போல்ட், மொத்தம் நான்கு. புதன்கிழமை சாயங்காலம் வலது பக்கத்தை முடித்தாள். க்ளிக், க்ளிக், இரண்டு கோடு. இடது பக்கத்தில் இரண்டு போல்ட்டையும் கையால் திருகி ஏற்றிவிட்டு மேலேயுள்ளதை முடுக்கினாள். க்ளிக். பேனாவின் மூடியை வாயால் கடித்துத் திறந்தபோது போன் அடித்தது. ஆஸ்பத்திரி.

"அக்கா, பஸ்ஸு கவுந்துருச்சு. பதினெட்டுப் பேரு. உடனே வாங்க."

வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே, கை பாட்டுக்கு மேல் போல்ட்டில் ஒரு கோடும் கீழ் போல்ட்டில் ஒரு கோடும் இழுத்துவிட்டது. நான்காவது க்ளிக் கேட்கவே இல்லை. அன்றைக்கு அவள் தோள்பட்டை, விலா, இடுப்பு என்று வரிசையாகப் படம் எடுத்து, சோறு தண்ணியில்லாமல் மறுநாள் காலையில்தான் வீட்டுக்கு வந்தாள். கொட்டகைக்குள் போய்ப் பார்த்தாள். நான்கு போல்ட், நான்கு கோடு. சக்கரத்தை மாட்டினாள். ஊரே நம்புகிற கோட்டை அவள் மட்டும் எதற்குச் சந்தேகப்படுவாள்?

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு இருவரும் ஓடுபாதையில் இருந்தார்கள். முதல் மூன்று சுற்றில் சிவப்புக் கார் பிரமாதமாக நின்றது. போன வருஷம் நடுங்கிக்கொண்டே மிதித்த வளைவில் இந்த வருஷம் தைரியமாகத் தாமதித்துப் பிரேக்கை மிதித்தாள். தம்பியை விட இரண்டே இரண்டு விநாடி பின்தங்கினாள். அவளுக்குப் பாதிக் குதிரைதான் என்பதை நினைத்தால் அது வெற்றிதான். மூன்றாவது சுற்றில் மட்டும் மிதிக்கும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு சத்தம். புது பிரேக், கொஞ்சம் முனகத்தான் செய்யும் என்று விட்டுவிட்டாள்.

நிறுத்துமிடத்துக்கு வந்ததும் வழக்கம்போல டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தாள். வலது பக்கம் இரண்டு கோடும் நேராக இருந்தன. அதற்குள் ஒலிபெருக்கி அடுத்த முறைக்கு வண்டிகளைக் கூப்பிட்டது. தம்பி சாம்பல் காரின் சாவியை அவளை நோக்கி வீசினான்.

"வா வா, நேரமாச்சு."

"இருடா, இடது பக்கம் பாத்துர்றேன்."

"நீ கோடு போட்டா போட்டதுதான். நான் என்னைக்காவது குனிஞ்சு பாத்திருக்கனா?"

அவளுக்கும் ஐந்நூறு குதிரை மேல் ஆசை வந்துவிட்டது. உண்மையைச் சொல்ல வேண்டுமே, அவள் இடது பக்கத்தைப் பார்க்காமல் விட்டது அவசரத்தால் மட்டுமில்லை, ஆசையாலும்தான். டார்ச்சைப் பைக்குள் போட்டாள்.

தம்பி சிவப்புக் காரில் முன்னால் போனான். ஐந்து விநாடி கழித்து இவளை விட்டார்கள். மிதித்தவுடன் முதுகு சீட்டோடு போய் ஒட்டியது. தலைக்கவசத்துக்குள் வாய்விட்டுச் சிரித்தாள். முதல் வளைவில் பிரேக்கை மிதித்தாள். ஒரு சத்தமில்லை. இரண்டாவது வளைவிலும் ஒன்றுமில்லை. ஒப்பிட்டுப் பார்த்தே பழகிய புத்தி, சும்மா இருக்காமல் கேட்டது: என் கார் மட்டும் ஏன் டக்கென்றது?

புது பிரேக் முனகினால் இரண்டு பக்கமும் முனகும். அந்தச் சத்தம் இடது பக்கம் மட்டும்தான் வந்தது. அவள் மனசுக்குள் எண்ணினாள். வலது பக்கம் க்ளிக், க்ளிக். இடது பக்கம் மேலே க்ளிக். அப்புறம்? அப்புறம் போன்.

கீழ் போல்ட் கழன்றால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பிடி மேல் போல்ட்டைச் சுற்றிச் சுழன்று சக்கரத்தின் உள்பக்கத்தில் போய் இடிக்கும், சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். இருப்பதிலேயே நீளமான நேர்ப்பாதையின் கடைசியில், இருநூறு கிலோமீட்டர் வேகத்திலிருந்து அவன் முழுக் காலையும் அழுத்திப் பிரேக்கை மிதிப்பான். எதிரே டயர்ச் சுவர். அதற்குப் பிறகு வருவதெல்லாம் அவள் தினமும் வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்க்கிற படங்கள்தான்.

முதல் சுற்றில் அந்த இடத்தைச் சிவப்புக் கார் கடந்துபோவதைத் தூரத்திலிருந்து பார்த்தாள். வேகம் குறைந்தது. திரும்பியது. அவளுக்குப் போன உயிர் வந்தது. ஆனால் இன்னும் இரண்டு சுற்று பாக்கி.

அவனைப் பிடிக்க வேண்டும் என்று மிதித்தாள். இரண்டாவது சுற்றின் பாதியில் பின்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தாள். ஹாரனை அழுத்திப் பிடித்தாள். அவன் கண்ணாடியில் பார்த்தான், ஜன்னல் வழியாகக் கையை நீட்டி 'வா வா' என்று ஆட்டினான், இன்னும் வேகமாகப் போனான். இருபது வருஷமாக ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டே ஓட்டியவர்கள். அக்கா விளக்கு அடித்தால் அது போட்டிக்கு அழைப்பு என்பதைத் தவிர அவனுக்கு வேறு அர்த்தம் தெரியாது.

"டேய், நிறுத்துடா! நிறுத்துடா நாயே!" என்று கண்ணாடி மூடிய காருக்குள் கத்தினாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தான் நெருங்க நெருங்க அவன் வேகத்தைக் கூட்டுகிறான். தான்தான் அவனை அந்தச் சுவரை நோக்கி விரட்டிக்கொண்டிருக்கிறோம். அந்தச் சுற்றிலும் நேர்ப்பாதையின் முடிவில் அவன் பிரேக்கை மிதித்தபோது, சிவப்புக் காரின் மூக்கு ஒரு கணம் பக்கவாட்டில் வெட்டியது. அவன் எப்படியோ திருப்பிக்கொண்டான். அடுத்த தடவை திருப்ப முடியாது.

மூன்றாவது சுற்று தொடங்கியது. அவள் காலை எடுத்தாள். முன்னால் வளைவின் ஓரத்தில் கொடிக்காரர் நின்றுகொண்டிருந்தார். நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, விளக்கம் சொல்லி, அவர் நம்பி, கொடியை எடுப்பதற்குள் தம்பி நேர்ப்பாதைக்குப் போய்விடுவான். ஆனால் ஒரு கார் ஓடுபாதையை விட்டு இறங்கி, தடம் மாறும் வண்டியை நிறுத்த வளைவோரம் வெட்டியிருக்கும் சரளைக்கல் குழியில் மாட்டிக்கொண்டால், யாரும் யாரிடமும் எதுவும் கேட்கமாட்டார்கள். எல்லா வளைவிலும் உடனே சிவப்புக் கொடி. சிவப்புக் கொடியைப் பார்த்தால் யாரும் பிரேக்கை மிதிப்பதில்லை. காலை எடுத்துவிட்டு மெதுவாக உருண்டு வருவார்கள்.

மூன்று மாதக் குழந்தை இந்தக் கார். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவன் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சக்கரத்தைத் துடைக்கிற கார்.

"மன்னிச்சுக்கடா," என்று சொல்லிவிட்டு, கொடிக்காரரின் கண் முன்னாலேயே சக்கரத்தை நேராகக் குழிக்குள் விட்டாள். கல்மழை அடித்தது போலச் சத்தம். முன்பக்கத்தில் ஏதோ கிழிந்தது. கார் புதைந்து நின்றது. அவள் கண்ணாடி வழியாகக் கொடிக்காரரின் கையை மட்டும் பார்த்தாள். அந்தக் கை மேலே போனது, சிவப்பாக.

தூரத்தில் நேர்ப்பாதையில் சீறிக்கொண்டிருந்த எஞ்சின் சத்தம் மெல்ல மெல்ல இறங்கி, கடைசியில் சாதாரண வண்டிச் சத்தமாக ஆனது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அவள் அழுதாள்.

டிராக்டர் இழுத்து வந்து விட்டபோது நிறுத்துமிடத்தில் சின்னக் கூட்டமே கூடியிருந்தது. "கோட்டக்கா, ஐநூறு குதிரையும் ஒரே நேரத்துல கல்லு தின்ன ஆசப்பட்டுச்சா?" என்று எவனோ கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. தொங்கிக்கொண்டிருந்த முன்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தான். முகம் கறுத்திருந்தது.

"புதுக் காரு, உனக்குப் பழக்கமில்ல," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "வழுக்கிருச்சு. அவ்ளோதான? விடு."

சொல்லிவிட்டு அவன் கூட்டத்தை விலக்கப் போனான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் பார்க்காதபோது போல்ட்டை முடுக்கிவிடலாம். மட்டமான ஓட்டுநர் என்ற பெயரோடு தப்பிக்கலாம், கோட்டக்கா என்ற பெயர் பத்திரமாக இருக்கும். அந்த ஆசையும் அவளுக்கு ஒரு நொடி வந்து போனது.

"வழுக்கல," என்றாள். "நானேதான் இறக்குனேன்."

ஜாக்கியைப் போட்டுத் தூக்கி, இடது சக்கரத்தைக் கழற்றினாள். உள்ளே கீழ் போல்ட் பாதிக்கு மேல் வெளியே வந்திருந்தது. ஸ்பானர் தேவைப்படவில்லை. இரண்டு விரலால் நான்கு சுற்று சுற்றினாள், உள்ளங்கையில் விழுந்தது. அதன் தலையில் அரைக் கோடு. மீதி அரைக் கோடு இரும்பில். அதைத் தம்பியின் கையில் வைத்தாள்.

"நான் இத முடுக்கவே இல்லடா. கோடு மட்டும் போட்டேன்."

தம்பி போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சிமெண்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"லைட்டு போட்டுப் போட்டுக் காமிச்சியே," என்றான். "நீ போட்டிக்குக் கூப்புடுறேன்னு நெனச்சேன்."

"தெரியும்."

"கடைசிச் சுற்றுல இன்னும் லேட்டா பிரேக் மிதிக்கலாம்னு இருந்தேன்கா."

அவள் போல்ட்டை வாங்கித் துடைத்துத் திருகி ஏற்றி, அளவு ஸ்பானரை மாட்டினாள். அவன் காதைக் கிட்டத்தில் கொண்டுவந்தான். க்ளிக்.

"இன்னொரு தடவ," என்றான். க்ளிக். அவள் இழுத்த மஞ்சள் கோடு முதல் தடவையாகக் கோணலாக வந்தது.

சாம்பல் காரை ஏற்றிப்போக லாரி வந்தது. தம்பி லாரியில் போகலாம், அக்காவோடு சிவப்புக் காரிலும் போகலாம். இரண்டுக்கும் நடுவில் சற்று நேரம் நின்றான். பிறகு அவள் பையிலிருந்து டார்ச்சை எடுத்தான். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் குனிந்து பார்க்காதவன், மண்டி போட்டு நான்கு சக்கரத்திலும் ஒவ்வொரு கோடாகப் பார்த்தான். இடது முன் சக்கரத்தை இரண்டு தடவை பார்த்தான். அவளுக்கு நெஞ்சு வலித்தது. பார்க்காதே என்று சொல்லும் யோக்கியதை தனக்கு இல்லை என்பதும் தெரிந்தது. காரின் பக்கத்தில் நின்றபடி காத்திருந்தாள்.

அவன் முட்டியைத் தட்டிவிட்டு எழுந்தான். கதவைத் திறந்து அவளுக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டான்.

"போலாம்கா," என்றான். "மெதுவா போ."