ஆட்காட்டி முட்டையும் பெருநாள் பிறையும்

எங்கள் ஊரில் ஒரு மனிசன் கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு பூங்காவில் நின்றால், அவன் எந்த வீட்டு ஜன்னலைப் பார்க்கிறான் என்றுதான் சனம் முதலில் பார்க்கும். கல்முனையின் மேற்கு ஓரத்தில், வயல்வெளியைப் பார்த்தபடி இருக்கிற சின்னப் பூங்கா அது. நான் அங்கே குருவி பார்க்கத் தொடங்கிய காலத்தில் இரண்டு பேர் என்னிடம் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். விஞ்ஞானம் படிப்பித்து இளைப்பாறியவன் என்று தெரிந்த பிறகு, சேருக்குக் குருவி விசர் என்று முடிவு கட்டி விட்டுவிட்டார்கள். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

இந்த முறை நோன்பு மாதத்தில் ஒரு சோடி ஆட்காட்டிக் குருவி அங்கே முட்டை இட்டிருந்தது. ஆட்காட்டி கூடு கட்டாது. வெறுந்தரையில், சரளைக்கல்லுக்கு நடுவில் இட்டுவிட்டு, கிட்டப் போகிறவனின் தலைக்கு மேலே பறந்து கத்தும். கல்லும் முட்டையும் ஒரே நிறம். காலை வைத்த பிறகுதான் தெரியும். போன வருசம் புல்லு வெட்டுகிற மெஷின் ஏறி எல்லாம் நசுங்கிப் போனது. இந்த முறையாவது குஞ்சு பொரித்து வயலுக்குள் நடந்து போய்விட வேண்டும் என்று ஏங்கினேன். சொன்னால் சிரிப்பீர்கள், இரவில் தறாவீஹ் தொழுதுவிட்டு அதற்காக துஆவும் கேட்டேன். ஆனால் ஒருவருக்கும் இடத்தைச் சொல்லவில்லை, மனைவிக்குக்கூட.

பெருநாளுக்குப் பிறை பார்க்கிற நாள் வந்தது. மேற்கு வானம் மறைப்பில்லாமல் தெரிகிற இடம் ஊருக்குள் வேறு இல்லை. நோன்பு திறந்து, அந்தி மஹ்ரிபைத் தொழுதுவிட்டு ஆம்பிளைகள் கூட்டமாகப் பூங்காவுக்குள் வந்தார்கள். எல்லாருடைய கண்ணும் வானத்தில். கால் எங்கே போகிறது என்று ஒருவனுக்கும் கவலையில்லை. நேரே முட்டைப் பக்கம்தான் போனார்கள். ஆட்காட்டி தொண்டை கிழியக் கத்தியது. அதைக்கூட ஒருவன் நிமிர்ந்து பார்க்கவில்லையே!

மேட்டுப் பக்கம் வாருங்கள், அங்கே முகில் விலகியிருக்கிறது என்று கூப்பிட்டேன். அது பொய்யில்லை. பைனாகுலரையும் கழற்றி நீட்டினேன். கூட்டம் மேட்டில் ஏறியது. வாங்கிப் பார்த்த ஒரு ஆட்டோக்காரர், கண்டுவிட்டேன் என்று கத்தினார். யாரோ அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொல்ல, பத்துப் போன் காதுக்குப் போனது. பள்ளிவாசல் தலைவர் ஓடி வந்து பார்ப்பதற்குள் முகில் மூடிவிட்டது. அவர் நேரே என்னிடம் வந்தார்.

“சேர், நீங்கதானே அந்தப் பக்கம் காட்டினீங்க. பிறையக் கண்டீங்களா?”

பிறைச் சாட்சி விளையாட்டுக் காரியமில்லை. ஒரு வார்த்தையில் ஊரே நோன்பை விட்டுவிடும். நான் காணவில்லை என்றேன். ஆட்டோக்காரருக்குக் கோபம் வந்தது. அப்படியென்றால் எங்களை ஏன் இங்கே ஏற்றினீர்கள், மார்க்க விசயத்தில் பகிடியா என்று கேட்டார். சுற்றி நின்றவர்களின் முகமும் மாறியது. கீழே குருவி முட்டை இருக்கிறது என்று சொன்னேன். சிலர் சிரித்தார்கள்.

“எங்க, காட்டுங்க பாப்பம்” என்றார் ஆட்டோக்காரர்.

காட்டினேன். வேறு என்ன செய்ய? போன் வெளிச்சத்தில் மூன்று முட்டை. அவர் முழங்காலை ஊன்றி இருந்து கனநேரம் பார்த்தார். பிறகு எழும்பி, தான் கண்டது முகிலின் ஓரமாகவும் இருக்கலாம் என்று தலைவரிடம் தானாகவே சொன்னார். அந்த நேரம் அந்த மனிசனை எனக்குப் பிடித்துப்போனது.

தலைவரும் நல்லவர். ஒருவரும் கை வைக்காமல் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஒருவருக்கும் சொல்லாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். நான் அடக்கமாகக் கதைக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல. மறுநாளும் நோன்பு. மத்தியானம் ளுஹர் தொழுகை முடிந்ததும் ஸ்பீக்கரில் அறிவித்தார்: பூங்காவில் ஒரு பறவை முட்டை இட்டிருக்கிறது, அல்லாஹ்வின் படைப்பு, ஒருவரும் தொந்தரவு செய்யக் கூடாது. எவ்வளவு அழகாகச் சொல்கிறார் என்றாள் மனைவி. நான் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன்.

பெருநாள் தொழுகை முடிந்து ஊரே புது உடுப்போடு பூங்காவுக்கு வந்தது. முட்டையைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றை ஒரு பிள்ளைகூடத் தாண்டவில்லை. சுற்றிவர நின்று போனில் படம் எடுத்தார்கள், அவ்வளவுதான். ஆட்காட்டி வயலிலிருந்து வரும், சனத்தைக் கண்டு திரும்பிப் போகும். அந்த வெயிலில் தாய் வந்து நிழல் கொடுக்காவிட்டால் முட்டை உள்ளுக்குள்ளேயே அவிந்துவிடும். தள்ளிப் போங்கள் என்று கேட்டேன், பிறகு ஏசினேன். ஈத் முபாரக் சேர் என்று கட்டிப்பிடித்தார்கள். போனவர்களின் இடத்துக்குப் புதுச் சனம் வந்தது. பகல் திரும்பியபோது வயல் பக்கமிருந்து கேட்ட ஆட்காட்டியின் கத்தலும் நின்றுவிட்டது.

பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொன்னதும் கூட்டம் கலைந்தது. கயிற்றுக்குள் குனிந்து போய் ஒரு முட்டையை எடுத்தேன். கை சுட்டது.

பின்னால் தலைவர், அத்தர் மணக்க, முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றார்.

“பாத்தீங்களா சேர், ஒருத்தனாவது கை வெச்சானா?”

“இல்ல” என்றேன். முட்டையைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை.