கிளறுனாத்தான் கிழங்கு

அக்கா வீட்டுக் குக்கரில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு வேகிற வாசனை வந்ததும், இப்போது வீட்டுமனையாகிவிட்ட எங்கள் பழைய கொல்லைக்கு நினைவில் போய்விட்டேன். அங்கே அண்டாவில் நெல் அவிக்கும்போது அம்மா அதற்குள் ஒரு கிழங்கைப் புதைத்து வைப்பாள். அவித்த நெல்லை வெயிலில் பரப்பி நானும் அக்காவும் கோடு கோடாகக் காலால் கிளறுகையில், உள்ளங்கால் சுட்டு நான் நிழலுக்கு ஓடும்போதெல்லாம், "நெல்லக் கிளறுனாத்தான் கிழங்கு, ராசா" என்று அம்மா அந்தக் கிழங்கைக் காட்டிக் கூப்பிடுவாள். அக்காவை யாரும் கூப்பிட வேண்டியதில்லை, அவள் கால் நிற்கவே நிற்காது.

ஒருநாள் அக்கா, "எனக்குக் கிழங்கு இல்லயாம்மா?" என்று கேட்டாள்.

"ஒனக்கு எதுக்குடி? நீதான் சொல்லாமலே செய்றியே" என்று அம்மா சிரித்தாள். அக்கா மறுபடி நெல்லுக்குள் இறங்கினாள்.

இன்று அக்கா வீட்டு பிரிட்ஜ் கதவில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. செருப்பை அடுக்கினால், தண்ணீர் பாட்டிலை நிரப்பினால் ஒரு ஸ்டார். அதில் அவள் மகன் பெயர் மட்டும் இருந்தது. நாங்கள் பாப்பா என்று கூப்பிடும் மூத்த மகள் பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா பேரு எங்கக்கா?"

"அவளுக்கு எதுக்குடா ஸ்டாரு? அவதான் சொல்லாமலே செய்றாளே."

சொல்லி முடித்தவள் குக்கர் மூடியில் கைவைத்தபடி அப்படியே நின்றுவிட்டாள். பாத்திரம் துலக்குகிற சத்தம் மட்டும் நிற்கவில்லை.