எலுமிச்சம்பழத்தை யார் எழுதுவது?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஓர் எலுமிச்சம்பழத்தால் பெரிய விஷயம் ஒன்று வெளியே வந்தது. ஊறுகாய் விவகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். பேப்பரில் தினமும் வருகிறதே ஒன்பது கட்டம் – அது!

உங்களில் பாதிப் பேருக்கு இந்தப் பைத்தியம் உண்டு என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் பார்க்கிறவர்கள், "பத்தி எழுதறது நீங்கதானே?" என்று ஆரம்பித்து, "கட்டத்தை எப்படிப் போடறீங்க?" என்பதில்தான் முடிக்கிறார்கள். பத்தியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. போகட்டும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மெட்ராஸிலிருந்து ரயிலில் இந்தக் கன்னட ஊருக்கு வந்து சேரும் எங்கள் பேப்பரின் மூன்றாம் பக்கத்தில் ஒன்பது கட்டங்கள். கட்டத்துக்கு ஓர் எழுத்து. அவற்றை வைத்து எத்தனை சின்ன வார்த்தை முடியுமோ அத்தனையும் எழுத வேண்டும். ஒன்பது எழுத்தையும் சேர்த்து ஒரே ஒரு பெரிய வார்த்தை ஒளிந்திருக்கும்; அதை எழுதக் கீழே ஒரு தனி வரிசை. விடை மறுநாள்.

என் வழி தலையிலிருந்து. அ, இ, எ என்று ஓர் உயிரெழுத்து இருந்தால் அதை முதலில் பிடித்துக்கொள்வேன் – அது வார்த்தையின் தலையில்தான் உட்காரும். புள்ளி வைத்த எழுத்து, ழ, ற இவையெல்லாம் தலைக்கு வராது, அவற்றை ஒதுக்கிவிடலாம். இன்னொன்று – கட்டத்தைக் கட்டமாகவே முறைத்துக்கொண்டிருந்தால் கண் வரிசையாகத்தான் படிக்கும். ஒன்பதையும் வட்டமாக எழுதிப் பாருங்கள். அப்போதும் வரவில்லையா? போய் ரசத்துக்குப் புளி கரையுங்கள். தானாக வரும்.

என் கணவர் வழி வாலிலிருந்து. அவர் தொழிற்சாலையில் இரும்பு கடைகிற லேத்து ஓட்டுகிறவர். 'ம்' இருக்கிறதா, 'ல்' இருக்கிறதா என்று கடைசியைத்தான் முதலில் தேடுவார். "எங்க முடியணும்னு தெரியாம இரும்புல கை வைக்கக் கூடாது" என்பார். நான் காலையில் பள்ளிக்கூடம் கிளம்புமுன் நாலு வார்த்தை எழுதி வைப்பேன். முதல் ஷிப்டு முடிந்து மத்தியானம் வருகிறவர் மீதியை எழுதுவார். சாயங்காலம் காபிக்கு உட்காரும்போது பெரிய வார்த்தையைச் சேர்ந்து தேடுவோம். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

அதற்குத்தான் போன வாரம் கேடு வந்தது.

செவ்வாய்க்கிழமை கையில் ஒரு பொட்டலம் பாதுஷாவோடு வந்தார். மைசூரில் அவருடைய தொழிற்சாலையின் புதுக் கிளை திறக்கிறது. அங்கே இவர் சார்ஜ்மேன் – ஒரு பிரிவுக்கே தலைவர். மாதம் பிறந்ததும் போக வேண்டும்.

நான், "சரி" என்றேன்.

அவ்வளவுதான். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பாதுஷாவைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன். எதிர்வீட்டு ஜயம்மா, மைசூருக்கு ராணியாகப் போகிறாய், எங்களை மறந்துவிடாதே என்று கேலி செய்தாள். சிரித்து வைத்தேன்.

என் வேலை என்ன ஆவது? எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கட்டட வேலை. எங்கள் அடுகோடிப் பேட்டையில் பாதிச் சுவர்கள் அவர் எழுப்பியவை என்பார். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். யாரிடமாவது என்னைக் காட்டும்போது பெயர் சொல்ல மாட்டார். "டீச்சரம்மா" என்பார், ஏதோ நான் அடுத்த வீட்டுப் பெண் மாதிரி. ஊரின் இன்னொரு கோடியில் இருக்கும் லிங்கராஜபுரம் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறேன். ஒரு நாளும் அலுத்ததில்லை. அந்த வேலையை மைசூருக்கு மூட்டை கட்டிக்கொண்டு போக முடியாது. இங்கே விட்டால் விட்டதுதான்.

அவராகக் கேட்கட்டும் என்று இருந்தேன். கேட்க வேண்டியது அவர்தானே? நான் சொன்னால், புருஷனுடைய உயர்வுக்குக் குறுக்கே நிற்கிறவள் ஆகிவிடுவேனே...

புதன், வியாழன், வெள்ளி. சாப்பாடு, காபி, "குடை எங்கே?" – இவ்வளவுதான் பேச்சு. சண்டை என்றும் சொல்ல முடியாது. சண்டையாக இருந்தால் பாத்திரமாவது சத்தம் போட்டிருக்கும்.

சனிக்கிழமை கட்டம் வந்தது. ம், ச, ழ, எ, ப, ச், லு, ம், மி. சொன்னால் நம்ப மாட்டீர்கள் – பஸ்ஸுக்கு நேரமாகிற அவசரத்திலும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. ஆனால் எழுதவில்லை. 'எச்சம்' என்று மட்டும் எழுதிவிட்டுப் பெரிய வார்த்தைக்கான வரிசையை அப்படியே விட்டேன். அவர் எழுதட்டும். எழுதினால் அந்தச் சாக்கில் நானும் பேச ஆரம்பிக்கலாம்.

சாயங்காலம் பார்த்தேன். 'மிச்சம்', 'பழம்' என்று பென்சிலில் எழுதியிருந்தார். பெரிய வரிசை வெறுமையாக இருந்தது.

எனக்கு ஆத்திரம் வந்தது. 'பழம்' எழுதியவருக்கு எலுமிச்சை தெரியாதா? என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சொல்வார்களே! வேண்டுமென்றே விட்டிருக்கிறார். என்னோடு இதில்கூடச் சேர மாட்டாராம்.

ஞாயிறு காலை பேப்பர் வந்ததும் விடையை அவர்தான் படித்தார். எங்கோ பார்த்துக்கொண்டு, "எலுமிச்சம்பழம்" என்றார். பிறகு, "எனக்கு நேத்தே தெரியும்."

"எனக்கும்தான். காலையிலயே தெரியும்."

"அப்புறம் ஏன் எழுதலே?"

"உங்களுக்குன்னு விட்டு வெச்சேன். நீங்க ஏன் எழுதலே?"

"நீ எழுதுவேன்னு நான் விட்டு வெச்சேன். நீதானே டீச்சர்."

இரண்டு பேரும் பேப்பரைப் பார்த்தோம். எனக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றுவிட்டது. தலையிலிருந்து வருகிற ஒருத்தி, வாலிலிருந்து வருகிற ஒருவர். நடுவில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு ஒரு வெற்று வரிசை. நாலு நாளாக இந்த வீட்டில் வேறு என்ன நடந்துகொண்டிருந்தது?

"நான் வேலையை விடமாட்டேன்" என்றேன்.

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. அவர் பேப்பரை மடித்துக் கீழே வைத்தார்.

"இதைத்தான் நாலு நாளா எதிர்பார்த்துக்கிட்டு இருக்கேன். நீ வெறும் 'சரி'ன்னு சொன்ன பாரு, அன்னிக்கே பேஜாராப் போச்சு எனக்கு. இவ சும்னே, ஒண்ணும் கேக்காம தலையாட்டற ஆள் இல்லையே, என்ன ஆச்சு இவளுக்குன்னு."

"கேட்டிருக்கலாமே நீங்க?"

"கேட்டா நீ விட்டுடறேன்னு சொல்லிடுவியோன்னு பயம். சொல்லிட்டு ஆயுசுக்கும் என்னைக் குத்தமாப் பார்த்துக்கிட்டே இருப்பே."

பிறகு அவரே சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு: "ஆனா நானும் போகாம இருக்க மாட்டேன். அதையும் சொல்லிடறேன்."

வலித்தது. பொய் சொல்வானேன்? என்னைப் போலவே அவருக்கும் ஒன்று இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. வருஷக்கணக்காக லேத்து முன்னால் நின்ற மனிதர். முதல் தடவையாக அவரை ஓர் இடத்துக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

முடிவு இதுதான். அவர் மைசூர் போகிறார், நான் இங்கே இருக்கிறேன். சனிக்கிழமைதோறும் ரயிலில் வருவார். அங்கே எனக்கு ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் கிடைக்குமா என்று அவர் விசாரிப்பார். திரும்பி இங்கேயே அவருக்கு ஓர் இடம் காலியாகுமா என்று அவருடைய ஃபோர்மனிடம் நான் கேட்டுக்கொண்டிருப்பேன். எது முந்துகிறதோ! செய்தி கேட்டு ஆனேக்கல்லிலிருந்து பஸ் பிடித்து வந்த என் மாமியார், புருஷன் ஓர் ஊர் பெண்டாட்டி ஓர் ஊரா என்று கேட்டார். "ஆமாம்மா, கொஞ்ச நாளைக்கு" என்றார் அவர் மகன். அத்தை என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத இடமில்லை.

ஆகவே, கட்டம் போடுகிற வாசகர்களே, தலையிலிருந்து பிடியுங்கள், வாலிலிருந்து பிடியுங்கள், உங்கள் இஷ்டம். ஆனால் தெரிந்த வார்த்தையை உடனே எழுதிவிடுங்கள். தப்பானால் அழித்து எழுத ரப்பர் இருக்கிறது. எழுதாமல் விட்டதை எந்த ரப்பர் சரி செய்யும்?

வருகிற திங்கட்கிழமை அவர் புறப்படுகிறார். ரயிலடியில் நான் நிச்சயம் அழமாட்டேன் – அதை வீட்டிலேயே முடித்தாயிற்று.