நடுவில் நின்று இடி வாங்கிய மாமா

குளிர்காலத்தில் எங்கள் மவுண்ட் ரோஸ்கில் வீட்டுக்கென்று ஒரு வாசம் இருந்தது. ஹீட்டருக்கு முன்னால் கதிரையில் காயப்போட்ட ஈரக் காலுறைகளும், தாளித்த வெந்தயமும், முழங்காலில் தேய்க்கிற ஏதோவொரு பச்சைத் தைலமும் ஒன்றாய்க் கலந்து பலகைச் சுவர்களில் ஊறிக் கிடந்து, பள்ளிக்கூடத்தால் வந்து கதவைத் திறந்த கையோடு முகத்தில் அடிக்கும். அந்தத் தைலத்தின் வாசம் இன்றைக்கும் எங்காவது மருந்துக்கடையில் மூக்கில் பட்டால் எனக்கு ஆறு வயதாகிவிடுகிறது. கையில் எடுத்த சாமானைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுவேன், பின்னால் நிற்பவர்கள் பொறுமையிழந்து இருமும்வரை.

அது எண்பதுகளின் பின்பாதி. கொழும்புக் கலவரத்துக்குப் பிறகு ஆக்லாந்துக்கு வந்து, அப்பா மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தார். வீட்டில் மூன்று அறைகள். ஒன்று அப்பா அம்மாவுக்கு, ஒன்று எனக்கு, மற்றது 'மாமாவின்ர அறை'. மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. சென்னையில் ஒரு வாடகை அறையில் இருந்துகொண்டு எங்களிடம் வருவதற்கு விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தார். நான் தொட்டிலில் கிடந்த காலத்தில் அவர் என்னைப் பார்த்ததுதான், எனக்கு அவரை நேரில் கண்ட ஞாபகமில்லை. ஆனால் அவருடைய அறையை நன்றாகத் தெரியும். அம்மா கிழமை தவறாமல் அதைக் கூட்டுவார், போர்வையை உதறி விரிப்பார், "மாமா வந்தா இதிலதான் படுப்பார், ஏறி மிதிக்காதை" என்பார்.

வீட்டுக் கடன், அந்த 'மோர்ட்கேஜ்', கழுத்தைப் பிடித்தபோது, அப்பாவின் தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவர் மூலம் ஒரு கூடைப்பந்துக் கிளப்பார் கேட்டார்கள்: வெளிநாட்டிலிருந்து ஒரு விளையாட்டுக்காரரைக் கூப்பிடுகிறோம், தங்க ஓர் அறை கிடைக்குமா? "ஒரு சீசனுக்குத்தானே. விசா வாறதுக்கிடையில உவர் போயிடுவார்" என்று அப்பா அம்மாவைச் சமாதானப்படுத்தினார். என்னிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு யார் அறிவித்தல் கொடுக்கிறார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாசலில் கார் வந்து நின்றது. கதவு திறந்து முதலில் ஒரு கால் வந்தது, கொஞ்சம் பொறுத்து மற்றக் கால் வந்தது, பிறகு மிச்ச ஆள் மெல்ல ஆறுதலாக வெளியே வந்து நிமிர்ந்துகொண்டே போனார். ஏழடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. தலையைக் குனிந்தும் வாசல் நிலையில் 'டொக்' என்று நெற்றி இடிபட, அதைத் தடவிக்கொண்டே பெட்டியுடன் நேரே மாமாவின் அறைக்குள் போனார். மாமாவின் அறைக்குள் பெட்டியுடன் போகிறவர் மாமா அல்லாமல் வேறு யார்? சுவரில் தொங்கிய படத்தில் மாமா சின்னவராக, கறுப்பாக இருந்தது எனக்கு உதைக்கத்தான் செய்தது. ஆனால் வீட்டுக்கு வருகிற பெரியவர்கள் எல்லோரும் என்னைக் கண்டதும் "எப்பிடி வளந்திட்டாள்" என்றுதானே வாயைப் பிளக்கிறார்கள். நான் வளரலாம், மாமா வளரக்கூடாதா? வெள்ளையாய்ப் போனதற்கும் காரணம் கண்டுபிடித்தேன். குளிரில் வெளுத்திருப்பார்.

அன்றிரவு அம்மா சோற்றைப் போட்டுவிட்டு, அவரைக் கூப்பிடச் சொன்னார். நான் அறை வாசலில் நின்று, "மாமா, சாப்பிட வாங்கோ" என்றேன். அவர் திடுக்கிட்டுத் திரும்பி, தன் நெஞ்சில் விரலை வைத்து, "மம்மா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். வீடு அதிரச் சிரித்தார். அவருடைய மொழியில் அது தாயைக் கூப்பிடுகிற சொல்லாம். இவ்வளவு பெரிய ஆம்பிளையைப் பிள்ளை 'அம்மா' என்கிறதே என்று அவருக்கு வயிறு வலித்துவிட்டது. அப்பாவும் அம்மாவும், பிள்ளை மரியாதையாய் முறை சொல்லிக் கூப்பிடுகிறது என்று புளகாங்கிதப்பட்டார்கள். மூன்று பேரும் மூன்று விதமாய் விளங்கிக்கொண்டு அவரவர் பாட்டில் சந்தோஷமாய் இருந்தோம்.

அவர் பெயர் ரென்சோ. அம்மாவின் பெயர் 'அக்கா' என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார், ஏனென்றால் சென்னையிலிருந்து போன் வரும்போதெல்லாம் இவர் எடுத்தால் அந்தப் பக்கத்தில் ஒரு குரல் "அக்கா, அக்கா" என்று கத்தும். அவருடைய மொழியில் 'அக்கா' என்பது ஓர் எழுத்தின் பெயராம், அதுவும் சத்தமே இல்லாத எழுத்து. அப்பா விழுந்து விழுந்து சிரித்து, "ஆளைத் தெரியாமல் பேர் வைச்சிட்டாங்கள்" என்றார். அம்மா அவரை முறைத்துவிட்டு ரென்சோவின் சோற்றுக் கோப்பையில் இன்னும் ஓர் அகப்பை சோறு போட்டார்.

மழை விடாமல் பெய்த பின்னேரங்களில் அம்மா சமைக்கிற குசினியில் மேசை மேல் காலை நீட்டி வைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டே அவர் கதைப்பார். அவருடைய ஆங்கிலமும் அம்மாவின் ஆங்கிலமும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நடந்தன. எனக்கு அரைவாசியும் விளங்காது. மேசைக்குக் கீழே படுத்து, மேலே போகும் குரல்களைக் கேட்டபடி கண் சொக்கிக் கிடப்பேன். மிச்சத்தை அம்மா பின்னாட்களில் சொல்லித்தான் கோத்துக்கொண்டேன். கடற்கரையோரம் ஒரு சின்ன ஊர், தகப்பன் படகு திருத்துகிறவர். பதினான்கு வயதில் இவர் வீட்டு வாசல் நிலையைத் தாண்டி வளர்ந்துவிட, யாரோ வந்து வடக்கே ஒரு பெரிய நகரத்துக் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பந்தைத் தட்டத் தெரிய முன்னமே உயரத்துக்காகச் சோறு போட்டார்களாம். பத்தொன்பதில் முதல் பிரிவில் ஆடினார், ஆண்டுக்கணக்காக ஆடினார். ஒரேயொரு தடவை நாட்டுக்காக ஆடக் கூப்பிட்டார்கள். நாட்டு அணியின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆட்டம் முடியும்வரை வெளியே வாங்குப் பலகையில் இருந்துவிட்டுத் திரும்பினார். வேர்வை படாத அந்தச் சட்டையைத் தாய் வாங்கித் துவைத்துக் காயப்போட்டாவாம், தெருவில் எல்லோரும் பார்க்கிற மாதிரி. பிறகு முழங்கால் போனது. இரண்டாம் பிரிவு, பெயர் தெரியாத ஊர்கள், கடைசியில் உலகத்தின் இந்த மூலை.

அவருடைய இடத்துக்குப் பெயர் 'சென்டர்'. அதென்ன என்று அப்பா கேட்டபோது, பால் போத்தலை மேசையின் நடுவில் வைத்து, உப்பு, மிளகு, சீனிப் போத்தல்களால் நாலு பக்கமும் இடித்துக் காட்டினார். கூடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மற்றவன் வந்து இடிப்பான், அசையக்கூடாது. தன்னுடைய ஆள் தன் முதுகுக்குப் பின்னால் ஒளித்து ஓடி வந்து பந்தைப் போட வழிவிட வேண்டும். கைதட்டல் பந்தைப் போட்டவனுக்கு. அப்பா யோசித்துவிட்டு, "அப்ப நடுவில நிண்டு இடி வாங்கிறதுதான் உவரின்ர உத்தியோகம்" என்றார். அம்மா அதை எப்படியோ மொழிபெயர்த்தார். ரென்சோ சிரிக்கவில்லை, எழுந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார், இத்தனை வருடத்தில் இதை இவ்வளவு சரியாய்ச் சொன்னவர் ஒருவருமில்லை என்று.

சீசன் முடிவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், கிளப்பார் அடுத்த வருடத்துக்கு வேறொருவரைப் பேசிவிட்டார்கள் என்று தெரியவந்தது. அவர் அதற்காக அழவில்லை. தனக்கு இனி ஒரேயொரு ஆசைதான் என்று அம்மாவிடம் சொன்னார். கூட ஆடிய சென்டர்கள் எல்லோரையும் கடைசியில் தூக்கிக்கொண்டுதான் வெளியே போனார்கள். தான் மட்டும் கடைசி ஆட்டத்திலிருந்து தன் காலால் நடந்து வெளியே போக வேண்டும். அம்மா தைலப் போத்தலை அவர் பக்கமாய் நகர்த்தி வைத்தார்.

அதுவரை அம்மா ஓர் ஆட்டத்துக்கும் போனதில்லை. "ஆளை ஆள் இடிக்கிறதை என்னத்துக்குப் போய்ப் பாக்கிறது?" என்பார். கடைசி ஆட்டத்துக்கு மட்டும் சேலை உடுத்து, அதற்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வந்து இருந்தார். மழையில் நனைந்த சனத்தின் மூச்சுக்காற்றால் அந்த மண்டபம் பனிப்புகார் பிடித்ததுபோல் இருந்தது. விளக்குகளைச் சுற்றி வட்டம் வட்டமாய் ஒளி, பலகைத் தரையில் சப்பாத்துகள் கீச்சிடும் சத்தம், யாரோ தின்னும் 'சிப்ஸ்'ஸின் வினாகிரிப் புளி வாசம். எல்லாவற்றுக்கும் நடுவில் மாமா முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றார். எனக்கு அது கனவில் பார்க்கிறது மாதிரித்தான் இருந்தது, இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

ஆட்டம் முடியும் தறுவாயில் வளையத்தில் பட்டுத் தெறித்த பந்துக்காக அவர் எழும்பினார், இறங்கும்போது முழங்கால் மடங்கிக் கீழே விழுந்தார். மண்டபம் அடங்கிப்போனது. இரண்டு பேர் தூக்குக் கட்டிலுடன் ஓடி வந்தார்கள். அவர் ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று மற்றக் கையை அசைத்தார். நான் "மாமா" என்று கத்தினேன். பக்கத்தில் திரும்பினால் அம்மாவைக் காணவில்லை.

அம்மா ஆட்டத்தளத்துக்குள் நடந்துகொண்டிருந்தார். நடுவர் கையை நீட்டி மறித்து, நீங்கள் யார் என்று கேட்டார்.

"பிரதர்" என்றார் அம்மா. "மை பிரதர்."

நடுவர் கீழே கிடந்தவரையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு கையை எடுத்துக்கொண்டார். அம்மா குனிந்து, தூக்குக் கட்டிலைத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டு, சுத்தத் தமிழில் கதைத்தார்: "தம்பி, எழும்பு. என்ர தோளைப் பிடி. அவசரமில்லை, மெல்ல." ஒரு சொல்லும் விளங்காத மனிதர் எழும்பினார். ஒரு பக்கம் கிளப்காரர் ஒருவர், மறுபக்கம் அவருடைய கக்கத்துக்குள் அம்மாவின் தலை. நடந்தார் என்று சொல்ல முடியாது, நொண்டினார். ஆனால் அவரை ஒருவரும் தூக்கவில்லை. எதிர்ப்பக்கத்து ஆட்கள்கூடக் கை தட்டினார்கள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அதைப் போட மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா சொன்னது ஒன்றுதான்: "வேர்வையில சேலை பாழாப்போச்சு."

எனக்குள் கொஞ்சநஞ்சம் சந்தேகம் மிச்சமிருந்திருந்தால் அதுவும் அன்றோடு போயிற்று. அம்மாவே எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டாரே.

அவர் ஊன்றுகோலுடன் திரும்பிப் போனார். விமான நிலையத்தில் அம்மாவின் இரண்டு கன்னத்திலும் அவர் முத்தம் வைக்க, அம்மா விறைத்துப்போய் நின்றார், அப்பா விமான நேரப் பலகையை மிகவும் கவனமாய் வாசித்தார். மாமா எங்கேயோ போயிருக்கிறார், வருவார் என்று நான் இருந்தேன். அடுத்த கோடையில், "மாமாவுக்கு விசா வந்திட்டுது" என்று அம்மா போனை வைத்துவிட்டுக் கத்தியபோது நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்தேன்.

அதே விமான நிலையத்தில் சனம் வரிசையாய் வெளியே வந்தது. நான் தலைகளுக்கு மேலேயே பார்த்துக்கொண்டு நின்றேன். மாமா வந்தால் அங்கேதானே தெரிவார்? அம்மா திடீரென்று ஓடிப்போய், மெலிந்த, கட்டையான, பெரிய சுவெட்டர் போட்ட ஒருவரைக் கட்டிப்பிடித்து, நான் அதுவரை கேட்டிராத குரலில் அழுதார். பிறகு அவரை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, "மாமா" என்றார்.

"இது மாமா இல்லை" என்று நான் வீரிட்டேன். "மாமாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

அப்பா ஓடிவந்து என்னை அடக்கப் பார்த்தார். அம்மாவின் முகம் செத்துப்போனது. இத்தனை வருடம் காத்திருந்து, எல்லாவற்றையும் இழந்து வந்த மனிதர், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எனக்கு முன்னால் குந்தினார்.

"ஓம் பிள்ளை" என்றார். "இன்னும் இல்லைத்தான். மெல்ல மெல்ல ஆகிறன்."

ஆனார். எப்போது ஆனார் என்று எனக்கே தெரியாது. என் திருமணத்தில் அப்பாவைவிட அதிகமாய் அழுதவர் அவர்தான்.

அந்த மண்டபத்தை இடித்துக் கார் நிறுத்துமிடமாக்கிவிட்டார்கள். எங்கள் பலகை வீடு இருந்த காணியில் இப்போது நெருக்கி நெருக்கி நாலு வீடுகள். வருடப்பிறப்புக்கு "அக்கா" என்று போன் எடுத்துக்கொண்டிருந்த ரென்சோ, ஒரு வருடம் எடுக்கவில்லை, அடுத்த வருடமும் எடுக்கவில்லை. லின்ஃபீல்டில் குடியிருந்த மாமா போன குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். என் பிள்ளைகள் எல்லோரையும் 'அங்கிள்' என்கிறார்கள். அவர்களுக்கு அது போதும். எனக்குத்தான் மாமா என்று கூப்பிட இப்போது ஒருவரும் இல்லை.