எல்லார் குப்பியிலும் ஐந்து

மாத்திரை எண்ணுவதுதான் என் வேலையில் பாதி. நான் ஒரு மருந்து ஆய்வில் களப்பணியாளர். பிரஷருக்கு இரண்டு மாத்திரைகள் இருக்கின்றன, அவற்றில் எது மேல் என்று பார்க்க வேண்டும். பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு மற்றொன்று; பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். யாருக்கு எது போகிறது என்பது சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. இதை விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்குவதற்குள் எனக்கே பிரஷர் ஏறிவிடும். திருச்சுழி தாண்டி எனக்குக் கொடுத்திருந்த ஊரில், டாக்டருக்கே தெரியாத மாத்திரையை எந்தத் தைரியத்தில் பஸ் ஏறிக் கொண்டுவந்தாய் என்று கேட்டார்கள். கேட்டுவிட்டுக் கையெழுத்தும் போட்டார்கள். வீடு தேடி வந்தவளை வெறுங்கையோடு அனுப்ப அந்த ஊருக்கு மனம் வராது.

மாதம் பிறந்தால் ஆளுக்கு ஒரு குப்பி. அதில் முப்பத்தைந்து மாத்திரை இருக்கும். முப்பதாம் நாள் நான் போய் வாங்கி எண்ணும்போது ஐந்து மிச்சம் இருந்தால் தினமும் ஒன்று போட்டிருக்கிறார் என்று கணக்கு. முதல் மாதம் ஒருவர் குப்பியில் பத்தொன்பது இருந்தது, இன்னொருவர் குப்பியில் ஒன்றுமே இல்லை. எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஊருக்குள் இருக்கிற ஒரே மளிகைக் கடையில் சோடா குடித்துக்கொண்டே, ஆளுக்கு ஐந்து மிச்சம் இருக்க வேண்டும், இந்தக் கணக்கைப் பார்த்தால் மேலே இருப்பவர்கள் என்னை வைவார்கள் என்று கடைக்கார பாயிடம் புலம்பிவிட்டு வந்தேன். அவரும் ஆய்வுக்காக என்னிடம் மாத்திரை வாங்குகிறவர்தான்.

அடுத்த மாதம் எல்லார் குப்பியிலும் ஐந்து. அதற்கடுத்த மாதமும் ஐந்து. எனக்குத் தலைகால் புரியவில்லை. பந்தல்குடிப் பக்கம் இதே வேலை பார்க்கிற என் தோழிக்கு ஏழு, பதினொன்று, பூஜ்யம் என்று கண்டபடி வந்துகொண்டிருந்தது. ஜனங்களிடம் பழகுகிற விதத்தில் பழக வேண்டும் என்று போனில் அவளுக்கு அரைமணி நேரம் புத்தி சொன்னேன். அவள் அதன் பிறகு இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

முன்பெல்லாம் ஆய்வு நடக்கிற ஊர் ஊராக ஒரு அதிகாரி வந்து ஒவ்வொரு தாளாகச் சரிபார்ப்பாராம். இப்போது அப்படி இல்லை. எல்லா ஊர்க் கணக்கும் சென்னையில் ஒரு கம்ப்யூட்டருக்குப் போகிறது. அது எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எந்த ஊர் மட்டும் ஒரு தினுசாக இருக்கிறது என்று சொல்கிறது. அங்கே மட்டும் ஆள் வருகிறார். பந்தல்குடிக் குளறுபடியைப் பார்த்து அது ஒன்றும் சொல்லவில்லை. மனுஷர்கள் மாத்திரை போட்டால் அப்படித்தான் இருக்குமாம். என் ஊரைத்தான் காட்டிக்கொடுத்தது.

வந்த அதிகாரி ஒரு அம்மா. அதிர்ந்து பேசாதவர். அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்து, திருச்சுழி வரும்போது மெதுவாகச் சொன்னார்: ஊருக்கே போகாமல் வீட்டில் உட்கார்ந்து எழுதினால்தான் கணக்கு இப்படி வரும். அது உறுதியானால் என் வேலை போகும், இனி எந்த ஆய்விலும் என்னைச் சேர்க்க மாட்டார்கள். வெயிலில் வெந்து வீடு வீடாக அலைந்தவளுக்கு இதைக் கேட்டு எப்படி இருக்கும்? அந்த இடத்திலேயே இறங்கிப் போய்விடலாம் போல ஆத்திரம் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஊரில் கேட்ட வீட்டிலெல்லாம் என்னைத் தங்கம் என்றார்கள். ஒரு நாள் விடாமல் மாத்திரை போடுவதாகச் சத்தியம் செய்யாத குறைதான். அவர்கள் புகழப் புகழ அதிகாரியின் முகம் இறுகிக்கொண்டே போனது. கடைசியாக பாயின் கடைக்குப் போனோம். அவரும் அதே பாட்டைத் தொடங்கினார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"பாய், என்னையக் காப்பாத்துறதா நெனச்சுக் கெடுத்துறாதீக. நான் வீட்டுல உக்காந்து கிறுக்குனேன்னு சொல்றாக. என் வேலை போகப் போகுது."

அவர் உள்ளே போய் ஒரு பெரிய மிட்டாய் பாட்டிலைத் தூக்கி வந்து மேஜைமேல் வைத்தார். முக்கால் பாட்டிலுக்கு மாத்திரை.

நான் வருகிற நாளில் விடிந்ததும் ஊர் மொத்தமும் குப்பியை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிடுமாம். பாய் எண்ணுவார். கூட இருந்தால் எடுத்து பாட்டிலில் போடுவார், குறைந்தால் பாட்டிலிலிருந்து எடுத்து நிரப்புவார். ஆளுக்கு ஐந்து. வியாபாரி கை, ஒன்றுகூடப் பிசகாது. நான் வசவு வாங்கக் கூடாதே என்று ஊர் கூடிச் செய்த உபகாரம் இது. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அதிகாரி திரும்பி நின்று இருமினார். சிரிப்பை அடக்கினார் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.

என் வேலை தப்பியது என்று மூச்சு விட்டேன். அதிகாரி மட்டும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பாயிடம், கடைசியாக எப்போது மாத்திரை போட்டீர்கள், அன்றைக்கு என்ன நடந்தது, முழுக்கச் சொல்லுங்கள் என்று கேட்டார். பாய் நிறுத்தி மூன்று மாதம் ஆகிறதாம். போட்ட நாளெல்லாம் தலை சுற்றியிருக்கிறது. ஒரு நாள் காலையில் ஷட்டரைத் தூக்கும்போது கண் இருட்டி விழுந்திருக்கிறார். அரிசி மூட்டைமேல் விழுந்ததால் மண்டை தப்பியது.

தலை சுற்றல், மயக்கம் உண்டா என்று ஒவ்வொரு மாதமும் கேட்டு எழுத எனக்குப் படிவம் இருக்கிறது. பாய்க்கு எல்லா மாதமும் 'இல்லை' என்று டிக் அடித்திருந்தேன்.

"ஏன் பாய் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க எங்கம்மா கேட்டீக? 'பாய், ஒண்ணும் தொந்தரவு இல்லைல்ல?'ன்னு சிரிச்சுக்கிட்டே வருவீக. அப்படிக் கேக்குற பிள்ளைட்ட, இருக்குன்னு எப்படிச் சொல்றது?"

அதிகாரி அங்கேயே டாக்டருக்குப் போன் போட்டார். பிறகு மறுபடி எல்லா வீட்டுக்கும் நடந்தோம். இந்தத் தடவை அவர் கேட்டார், நான் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். இன்னும் இரண்டு பேருக்குத் தலை சுற்றல் இருந்தது. அதில் ஒரு அக்கா மிளகாய்க் காட்டில் மயங்கி உட்கார்ந்துவிட்டு, வெயில் என்று நினைத்துக்கொண்டாராம்.

திரும்பும்போது பஸ்ஸில் என்னைப் பற்றி எழுதியதை அதிகாரி என்னிடமே காட்டினார். பணியாளர் பொய் எழுதவில்லை, கேட்கத் தெரியாமல் கேட்டிருக்கிறார், மறுபடி பயிற்சிக்கு அனுப்ப வேண்டும் என்று இருந்தது. வேலை போகவில்லை. பொய்க்காரி என்று எழுதியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.